அவர் பேசுறவர்

அந்த நவம்பரில் சுவிஸின் துன் ஏரியின் மேல் இறங்கிய மூடுபனி ஒன்பது நாளாக எழும்பவில்லை. அக்கரையில் நீசன் மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. விடுதிக்கு வந்த பயணிகள் வரவேற்பறையில் நின்று வானத்தைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டார்கள். நிலவறையில் வேலை செய்த கலாவதியை அது பாதிக்கவில்லை. அங்கே வருடம் முழுக்க ஒரே காலநிலைதான். ஈரமான படுக்கை விரிப்பை ஒரு பக்கத்தால் விழுங்கி மறு பக்கத்தால் சூடாகத் தள்ளுகிற பெரிய உருளை இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. எல்லாரும் அதை மாங்கல் என்பார்கள். அது ஓடத் தொடங்கினால் டிசம்பரிலும் கழுத்து வியர்க்கும்.

மாங்கலில் இருந்து வரும் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, நீளப்பாட்டில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளைக் கைமாற்ற வேண்டும். பிறகு விலகிப் போய் அடுத்ததை எடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மத்தியானத்துக்குள் இருநூறு தடவை சந்தித்து இருநூறு தடவை பிரியலாம். ஓகஸ்ட் மாதத்தில் இருந்து கலாவதியோடு அப்படிச் சந்தித்துப் பிரிந்துகொண்டிருந்தவள் பவதாரணி, கலாவதியின் தம்பி இரவீந்திரனின் மனைவி.

கலாவதிதான் யாழ்ப்பாணத்தில் கொடிகாமத்துக்குப் போய்ப் பெண் பார்த்தவள். இரவீந்திரன் இன்டர்லாக்கனில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்தான். பதினெட்டு வருடம் சுவிஸில் இருந்து, நிரந்தரமாக இருக்க விடுகிற சி விசா எடுத்து, நாற்பத்தொரு வயதில்தான் கலியாணத்துக்கு ஓம் என்றான். 2017 தைப்பொங்கலுக்கு மறுநாள் பவதாரணி சூரிச் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அடுத்த வருடம் ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை கையில் ஒரு பை கூட இல்லாமல், வேலைச் சப்பாத்தோடு, துன்னில் கலாவதியின் வீட்டு மணியை அடித்தாள். வீங்கிய இடது கன்னம் கதவு திறந்ததுமே கண்ணில் பட்டது.

"வா பிள்ளை, உள்ளுக்க வா. சாப்பிட்டனியோ?" என்றாள் கலாவதி.

அதற்குப் பிறகு அந்த ஒரு கேள்வியை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருப்பாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வரவேற்பறைச் சோபாவை விரித்துக் கட்டிலாக்கிக் கொடுத்தாள். விடுதியில் சொல்லி வேலை எடுத்துக் கொடுத்தாள். மகள் ரிஷானியைக் கூட்டிக்கொண்டு பெண்களுக்கான ஆலோசனை நிலையத்துக்குப் போய்வா என்று அனுப்பினாள். ஆனால் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நிலவறையில் மூலைகளைக் கைமாற்றும்போது இருவரின் விரல்களும் தொடும். அப்போதெல்லாம் கலாவதி, "இந்த விரிப்பில ஆரோ வைன் ஊத்தியிருக்கினம்" என்பது போல ஏதாவது சொல்லுவாள்.

விசா அலுவலகத்தின் கடிதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது.

கலாவதியின் கணவர் சிவலிங்கத்துக்கு அன்று லீவு. முதியோர் இல்லத்தில் கிழமைக்கு ஐந்து நாள் உருளைக்கிழங்கு மசிக்கிற மனிதர், ஆறாவது நாள் வீட்டில் தன்னுடைய குசினியை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். புட்டு அவித்து, ஏரி மீனில் குழம்பு வைத்து, தேசிக்காய் பிழிந்த சொதியையும் இறக்கியிருந்தார். ஏரி மீனைப் பற்றி அவருக்குத் தீராத குறை. பிறந்ததில் இருந்து நல்ல தண்ணீருக்குள் கிடக்கிற மீன், உப்பு என்றால் என்ன என்று அதற்கு ஆர் சொல்லிக் கொடுக்கிறது என்பார்.

ரிஷானிக்கு இருபத்தொரு வயது. தாதிப் படிப்புக்கு நடுவில் வீட்டுக்கு வரும் டொச் என்கிற ஜெர்மன் மொழிக் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது அவள் வேலை. சாப்பாட்டு மேசையிலேயே உறையைக் கிழித்தாள். முதல் பக்கத்தை வாசித்து முடிக்கும்போது அவள் முகம் மாறிவிட்டது. கணவன் கூப்பிட்டு வந்தவர், மூன்று வருடம் முடிய முதலே பிரிந்தால் விசா நீடிப்பதில்லை. வீட்டில் வன்முறை நடந்திருந்தால் அது வேறு கதை. ஆனால் பவதாரணி செப்டம்பரில் கொடுத்த வாக்குமூலத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே நீடிக்க மறுக்க உத்தேசம். பதில் சொல்ல முப்பது நாள் தவணை.

"ஒண்டும் இல்லையோ?" என்றாள் பவதாரணி. "ரெண்டரை மணித்தியாலம் இருத்தி வைச்சுக் கேட்டவை."

பின்னால் வாக்குமூலத்தின் பிரதி நான்கு பக்கம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பவதாரணியின் கையெழுத்து. ரிஷானி ஒரு இடத்தில் விரலை வைத்து, டொச்சைத் தமிழாக்கிக்கொண்டே மெதுவாக வாசித்தாள்.

"'என்ர மனுசன் ஒவ்வொரு பின்னேரமும் என்னோட கதைப்பார். சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பார். நான் வேலையால பிந்தி வந்தாலும் கதைப்பார். நிறைய நேரம் கதைச்ச பிறகு எனக்குக் கையை நீட்டுவார்.'"

சிவலிங்கம் குழம்புக் கரண்டியை வைத்தார். "இதென்ன பிள்ளை, ஆற்றையோ கலியாண வாழ்த்து மடல் மாறி வந்திட்டுதோ?"

கலாவதி பவதாரணியைப் பார்த்தாள்.

"நீ அங்க என்ன சொன்னனி? சொன்ன மாதிரியே சொல்லு."

பவதாரணி புட்டைப் பிசைவதை நிறுத்தினாள். கண்ணை எடுக்காமல் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒவ்வொரு பின்னேரமும் பேசுவார். கறி உப்பெண்டு பேசுவார், வேலையால பிந்தினாப் பேசுவார். பேசிப் பேசிக் கடைசியில கை நீட்டுவார். இதைத்தான் மச்சாள் சொன்னனான்."

மேசையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. பேசினார் என்றால் ஏசினார், திட்டினார். அன்றைக்குத் தொலைபேசியில் மொழிபெயர்த்த பெண் தமிழ்நாட்டுக்காரி. அவளுடைய ஊரில் பேசுவது என்றால் வெறும் பேச்சு. கை நீட்டுவதற்கு அங்கேயும் அடிப்பது என்ற பொருள் உண்டுதான். ஆனால் தினமும் பின்னேரம் மனைவியோடு இருந்து பேசுகிற கணவன் கை நீட்டினால், அது அணைக்க அல்லாமல் வேறு எதற்கு? முதல் சொல் போன வழியே இரண்டாவதும் போய்விட்டது.

"வாசிச்சுக் காட்டேல்லையோ உங்களுக்கு? கையெழுத்து வாங்க முதல் வாசிச்சுக் காட்டத்தானே வேணும்," என்றாள் ரிஷானி.

வாசித்துக் காட்டியிருந்தார்கள். அதுதான் கொடுமை. அந்தப் பெண் டொச்சைத் திரும்பத் தமிழாக்கி, "தினமும் சாயங்காலம் பேசுவார், அப்புறம் கை நீட்டுவார்னு சொல்லியிருக்கீங்க, சரிங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். பவதாரணிக்குத் தன் வாயில் இருந்து போன அதே சொற்கள் அப்படியே திரும்பி வந்தன. ஓம் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள். வேறு ஏதும் சம்பவம் சொல்ல இருக்கிறதா என்று கேட்டதற்கு, எல்லாம் சொல்லியாச்சு என்றாள். மனுசன் அடிக்கிறார் என்பதை அதைவிடப் பச்சையாக ஒரு பிறத்தி ஆளிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வைத்தியரின் கடிதம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று இருந்தது. அதிலும் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அவளே சொல்லி எழுதியிருந்தது.

"நல்ல பிள்ளை அது," என்றாள் பவதாரணி. "நடுவில எனக்குத் தொண்டை அடைச்சாப் போல, தண்ணி குடிங்கம்மா எண்டு சொன்னது."

கலாவதி எழுந்து குசினிக்குள் போனாள். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த புட்டுப் பானையை எடுத்து மறுபடியும் கழுவினாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை ஆலோசனை நிலையத்துக்குப் பவதாரணியோடும் ரிஷானியோடும் அவளும் போனாள். அங்கே கெர்பர் என்ற பெண், ஐம்பது வயதிருக்கும், மேசைக்குக் கீழே குதிரை அளவு நாய் ஒன்றைப் படுக்கவைத்துக்கொண்டு வேலை செய்கிறவர். பிரதியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தப் பிழையை விளக்கிப் பதில் எழுதலாம், யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை நேரில் வைத்து இன்னொரு விசாரணை கேட்கலாம் என்றார். ஆனால் முதலில் கையெழுத்து வைத்ததை இப்போது மாற்றிச் சொன்னால், விசாவுக்காகச் சொல்வதாக எண்ண இடமுண்டு என்பதையும் மறைக்கவில்லை.

பவதாரணி மெதுவாகச் சொன்னாள்: "அவர் கூப்பிட்டுத்தானே நான் இந்த நாட்டுக்கு வந்தனான். அவரை விட்டிட்டு வந்த பிறகு, இருக்கவிடுங்கோ எண்டு கேக்க எனக்கென்ன உரிமை இருக்கு?"

ரிஷானி அதை மொழிபெயர்த்தாள். கெர்பர் சொன்னதையும் மொழிபெயர்த்தாள். "மனுசன் கூப்பிட்டவர் எண்டதுக்காக, அடிக்கிற உரிமை அந்த விசாவோட சேர்ந்து வரேல்லையாம் மாமி. அடி வாங்காமல் இருக்கிறது நீங்கள் பிறக்கேக்கையே உங்களுக்கு இருந்த உரிமையாம். அதுக்கு ஒருத்தரும் விசா குத்தத் தேவையில்லையாம்."

பிறகு கெர்பர் கேட்டார், இதை வேறு யாராவது கண்டதோ கேட்டதோ உண்டா என்று.

"இல்லை," என்றாள் பவதாரணி. கலாவதியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"இஹ்," என்றாள் கலாவதி. நான் என்பதற்கு டொச்சில் உள்ள அந்தச் சின்னச் சொல்லை விடுதி நிலவறையில் அவள் தினமும் சொல்லியிருக்கிறாள். "நான் கேட்டனான். நானே சொல்லுறன்."

செய்தி இன்டர்லாக்கனுக்குப் போக ஒரு கிழமை எடுத்தது. இரவீந்திரனின் அழைப்பு வேலைக்கு நடுவில் வந்தது. மாங்கலின் சத்தத்துக்கு மேலே கேட்பதற்காகக் கலாவதி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, விரிப்பின் இரண்டு மூலைகளையும் ஒரு கையால் பிடித்தாள். மற்ற முனையில் பவதாரணி.

கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு, வந்தவளுக்காகச் சாட்சி சொல்லப் போகிறாயா என்று தொடங்கினான். அம்மா இருந்தால் நாண்டுகொண்டு செத்திருப்பா என்றான். குரல் ஏறியது. பிறகு பவதாரணியைப் பற்றியும் அவளுடைய தாயைப் பற்றியும் சொல்லத் தொடங்கினான். கலாவதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வசனங்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். முன்பு பவதாரணிக்கு நேரே சொன்னவை.

"தம்பி," என்றாள். "கதைக்கிறதெண்டாக் கதை. பேசுறதெண்டால் நான் வைக்கிறன்."

அவன் நிறுத்தவில்லை. கலாவதி கைபேசியை அணைத்து மேலங்கிப் பைக்குள் போட்டாள். அவன் பிறந்த நாளில் இருந்து அவள் செய்யாத காரியம் அது. எதிரே பவதாரணி ஒன்றும் கேட்காமல் தன்னுடைய மூலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மச்சாள் ஆயத்தமாகும் வரை நின்றாள்.

விசாரணை ஜனவரியில் நடந்தது. இரவு முழுக்கக் கொட்டிய பனியில் புகையிரதம் இருபது நிமிடம் பிந்தியது. அலுவலகத்தில் ஏபி என்ற அதிகாரி இருந்தார். ரிஷானியை விடப் பத்து வயதுதான் மூப்பாக இருக்கும். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் புனிதவதி, யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரி, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் "வாங்கோ, இருங்கோ" என்ற இரண்டு சொல்லிலேயே பவதாரணியின் தோள் சற்று இறங்கியது.

"முதலே ஒண்டு சொல்லிப்போடுறன்," என்றார் புனிதவதி. "நீங்கள் சொல்லுறதை மட்டும்தான் நான் டொச்சில மாத்தலாம். என்ர விளக்கம் ஒண்டும் சேக்கக் கூடாது. விளக்கம் வேணுமெண்டால் அது உங்கட வாயாலதான் வரவேணும்."

ஏபி பழைய வாக்குமூலத்தை முன்னால் வைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டார். கணவர் பேசுவார் என்றால் என்ன? பேசுவது ஏசுவது என்று பவதாரணி சொன்னாள். என்ன சொல்லி ஏசுவார்? பவதாரணி வாயைத் திறந்தாள், மூடினாள். சரி, கையை நீட்டுவார் என்கிறீர்களே, எப்படி? அவளுக்கு விளங்கட்டும் என்று ஏபி மேசைக்கு மேலால் தன் வலது கையை, கைகுலுக்கப் போகிறவர் போல, சிரித்த முகத்தோடு நீட்டினார். "இப்படியா?"

பவதாரணியின் இரண்டு முழங்கைகளும் மேலே போய்விட்டன. தலை தோளுக்குள் இறங்கி, கதிரை பின்னால் ஒரு சாண் நகர்ந்தது. அது நடந்து முடிந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே தெரிந்தது. வெட்கத்தோடு கையை இறக்கி மடியில் வைத்தாள்.

ஏபி தன் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். மன்னிக்க வேண்டும் என்றார். பிறகு குனிந்து வெகுநேரம் எழுதினார். புனிதவதிக்கு அதில் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

கலாவதியின் முறை வந்தது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் இருப்பது போல நிமிர்ந்து இருந்தாள்.

"போன வருசம் மாசியில இவள் எனக்குப் போன் எடுத்தவள். மச்சாள், இவர் நெடுகப் பேசுறார் எண்டு சொன்னவள். நான், அவன் சின்னனில இருந்தே பேசுறவன்தான் பிள்ளை, நீ வாய் குடுக்காத எண்டு சொன்னனான். சித்திரையில திரும்ப எடுத்தவள். அப்ப தம்பி வீட்டுக்குள்ள நிண்டவன். அவன் பேசினதை நான் என்ர காதால கேட்டனான்."

என்ன கேட்டீர்கள் என்றார் ஏபி.

கலாவதி சொன்னாள். "'உன்னை நான் இறக்கினது. கடையில சாமான் இறக்கிற மாதிரித்தான். பழுதெண்டால் திருப்பி அனுப்புவன். விசா என்ர கையில.'" பிறகு இன்னும் இரண்டு வசனம் சொன்னாள். ஐம்பது வயதை எட்டும் அவள் வாழ்க்கையில் வாயால் உச்சரித்திராத சொற்கள் அவற்றில் இருந்தன. குரலை இறக்காமல் சொன்னாள். புனிதவதியின் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு அவரும் குரலை இறக்காமல் அப்படியே டொச்சில் சொன்னார்.

"அதுக்குப் பிறகு அறைஞ்ச சத்தம் கேட்டது. இவள் கத்தேல்லை. நான், பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லி வைச்சிட்டன்." கலாவதி பவதாரணியின் பக்கம் திரும்பினாள். இனி அவள் அதிகாரியோடு கதைக்கவில்லை. "அந்தத் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லின்ர அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான், சும்மா பேசுறான் எண்டுதானே விட்டனான். பிழையா விளங்கின முதல் ஆள் நான்தான் பிள்ளை."

பவதாரணி கலாவதியின் கைப்பைக்கு மேல் கையை வைத்தாள்.

கடைசியில் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். புனிதவதி ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்ல, பவதாரணி தலையாட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாம் பக்கத்தில் கையைத் தூக்கினாள்.

"சில நாளில் அடித்தார் எண்டு இருக்கோ?"

"ஓம். அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"சில நாள் இல்லை. கிழமையில ரெண்டு தரம், மூண்டு தரம். அதை மாத்தச் சொல்லுங்கோ."

ஏபி மாற்றினார். மாற்றியதை மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பவதாரணி பேனையை எடுத்தாள்.

பதில் மார்ச் மாதத்தில் வந்தது. தெற்கில் இருந்து மலைகளைத் தாண்டி இளஞ்சூடான காற்று இறங்கி, ஒரே நாளில் கூரைப் பனியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்குக் கலாவதிக்கு எப்போதும் தலையிடிக்கும். ரிஷானி வீட்டில் நின்றாள். உறையில் பவதாரணியின் பெயர் இருந்ததால் உடைக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே விடுதிக்கு வந்து, நிலவறைக் கதவடியில் மூச்சு வாங்க நின்றாள்.

கலாவதி மாங்கலின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வேலை நேரத்தில் அது நிற்பதில்லை. பக்கத்து அறையில் இருந்து போர்த்துக்கல்காரியான மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, பழுதா என்று கேட்டார். இல்லை, ஐந்து நிமிடம் என்று கலாவதி விரல்களைக் காட்டினாள்.

பவதாரணி உறையைத் தானே பிரித்து, கடதாசியை ரிஷானியிடம் கொடுத்தாள். ரிஷானி வாசித்து முடிக்க முதலே சிரித்துவிட்டாள். "தந்திட்டாங்கள் மாமி. ஒரு வருசத்துக்கு. பேந்து நீங்களே உங்கட பேரில புதுப்பிக்கலாம். மனுசன்ர கையெழுத்துத் தேவையில்லை."

"திரும்ப வாசி," என்றாள் பவதாரணி.

ரிஷானி திரும்ப வாசித்தாள். பவதாரணி, மடிக்காமல் கிடந்த சூடான விரிப்புக் குவியலில் அப்படியே இருந்துவிட்டாள். அழுவாள் என்று கலாவதி நினைத்தாள். அவள் கொட்டாவி விட்டாள். வாய் நிறைய, கண்ணில் தண்ணீர் வர, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. ரிஷானி சிரித்தாள், கலாவதியும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே மேற்பார்வையாளரும் கதவடியில் நின்று சிரித்தார்.

நாலு மணிக்கு வேலை முடிந்து மேலங்கியைப் போடும்போது பவதாரணி கேட்டாள்:

"மச்சாள், நான் கொஞ்சம் ஏரிக்கரையால நடந்திட்டு வரட்டே? கெதியா வந்திடுவன்."

கலாவதி, ஓம் போயிட்டு வா என்று சொல்ல வாயெடுத்தாள். இன்டர்லாக்கனில் பவதாரணியின் வேலைத்தலத்தில் இருந்து வீட்டுக்குப் பதினெட்டு நிமிடம் என்று தம்பி கணக்கு வைத்திருந்தான் என்பதை இப்போது அவள் அறிவாள். எடுத்த வாயை மூடினாள்.

"அதை ஏன் பிள்ளை என்னட்டக் கேக்கிறாய்?"

பவதாரணி கழுத்துச் சால்வையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"சரி," என்றாள். "நான் நடந்திட்டு வாறன்."

ஆறரை மணிக்குச் சிவலிங்கம் இடியப்பத்தை மேசையில் வைத்தார். ஆறே முக்காலுக்குக் கைபேசியைத் தேடினார். கலாவதி அதை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வருவாள், நீங்கள் சாப்பிடுங்கோ என்றாள்.

ஏழேகாலுக்குப் பவதாரணி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. சப்பாத்து இரண்டும் உருகிய பனியில் ஊறிப்போயிருந்தன. ஒபர்ஹோஃபன் கோட்டை வரைக்கும் போனதாகச் சொன்னாள். திரும்பி வரும் வழியில் ஒரு மர வாங்கில் இருந்தாளாம். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லையாம்.

"குளிரேல்லையோ?" என்று கேட்டாள் கலாவதி.

"குளிர்ந்தது," என்றாள் பவதாரணி, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "பசிக்குது மச்சாள். சம்பலை இஞ்சால தள்ளுங்கோ."